பிஇஓ ஃபிலிமை அனீல் பண்ணினா (சூடு காட்டிப் பதப்படுத்தினா) கடத்துத்திறன் ஏறுமா, இறங்குமா? எனக்கு ரெண்டும் நடக்குது

மஞ்சக்குப்பம்_டீச்சர்:

வணக்கம். கடலூர்ல ஒரு கல்லூரியில பிசிக்ஸ் எடுக்கிறேன். பார்ட் டைம் பிஎச்டி, மூணாவது வருஷம். பேட்டரிக்காக அயனி கடத்துற பாலிமர் ஃபிலிம் பண்றேன். பாலிமர் பிஇஓ (பாலி எத்திலீன் ஆக்சைடு), உப்பு லித்தியம் பெர்குளோரேட். பழைய ஜோடிதான், புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பழைய ஜோடியே ரெண்டு மாசமா என்னைச் சுத்தல்ல விட்டிருக்கு.

6 லட்சம் மூலக்கூறு எடை உள்ள பிஇஓ 1 கிராம், பெர்குளோரேட் 0.121 கிராம். அதாவது பாலிமர்ல 20 ஆக்சிஜனுக்கு 1 லித்தியம். அசிட்டோநைட்ரைல்ல ஒரு நாள் முழுக்கக் கலக்கி, டெஃப்லான் தட்டுல ஊத்தி, ஓட்டை போட்ட அலுமினியத் தாளை மேல மூடி மூணு நாள் காயவிட்டேன். பாலேடு மாதிரி வெள்ளையா, 150 மைக்ரான் கனத்துல உரிஞ்சு வந்துச்சு. 1 செ.மீ. விட்டமுள்ள ரெண்டு ஸ்டீல் எலெக்ட்ரோடுக்கு நடுவுல வச்சு, எல்லாத்தையும் 30 டிகிரியில அளந்தேன். ஒரே தட்டுல வெட்டின மூணு துண்டு.

முதல் துண்டு ஓவன் பக்கமே போகல. தடை 2,400 ஓம். கணக்குப் போட்டா 8×10⁻⁶ சீமென்ஸ்/செ.மீ.

ரெண்டாவது துண்டு 80 டிகிரியில 2 மணி நேரம் இருந்துச்சு. அப்புறம் ஓவனை அணைச்சு, கதவைத் திறக்காம வீட்டுக்குப் போயிட்டேன். காலையில காலேஜ்லயே செல்லுல (எலெக்ட்ரோடுக்கு நடுவுல ஃபிலிமை வச்சு மூடித் திருகுற டப்பா) மாட்டித் திருகி எடுத்துட்டுப் போய் அளந்தேன். 24,000 ஓம். பத்துல ஒரு பங்கா இறங்கிடுச்சு.

மூணாவதுக்கும் அதே 80, அதே 2 மணி. ஆனா தடையை அளக்கிற இம்பீடன்ஸ் மெஷின் இருக்கிறது புதுச்சேரியில, அன்னைக்கு வெள்ளிக்கிழமை, எனக்குக் கிடைச்ச நேரம் மத்தியானம் 3 மணி. செல்லும் கையில இல்ல. மூணு பேருக்கு ஒரே ஒரு செல்தான், வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார். சூடு ஆறுறதுக்குள்ள ஃபிலிமை எடுத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டிபன் பாக்ஸ்ல வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். முதல் துண்டும் இப்படித்தான் போச்சு. தவளக்குப்பத்துல பஸ் அரை மணி நேரம் நின்னுச்சு, வெளிய தூறல். போய் அளந்தா 1,900 ஓம்! ஓவனையே பார்க்காத துண்டை விட நல்லாக் கடத்துது. சந்தோஷத்துல கைடுக்குப் போன் போட்டுட்டேன். துண்டை அங்கேயே டெசிகேட்டர்ல (ஈரம் புகாம வைக்கிற ஜாடி) விட்டுட்டு வந்து, திங்கட்கிழமை சரிபார்த்தா 9,500.

கைடு "காண்டாக்ட் சரியில்ல, நல்லா இறுக்கும்மா"ங்கிறார். சீனியரோட தீசிஸ்ல அனீல் பண்ணினா ஏறும்னு ஒரே வரியில முடிச்சிருக்கு. மூணு துண்டும் ஒரே தட்டு, சூடு பண்ணினது ரெண்டும் ஒரே 80 டிகிரி. இதுல எந்த எண்ணை நான் நம்புறது?

லாஸ்பேட்டை_ஓய்வு:

அம்மா, நானும் நாற்பது வருடம் இதே பாடம் எடுத்தவன். உங்கள் எண்கள் எதுவும் தப்பில்லை. தப்பு 'அனீல்' என்ற வார்த்தையில் இருக்கிறது.

பிஇஓ சுமார் 65 டிகிரியில் உருகும். உப்பு சேர்ந்தால் அதற்குச் சற்றுக் கீழேயே. ஆக 80 டிகிரியில் நீங்கள் ஃபிலிமைப் பதப்படுத்தவில்லை, உருக்கிவிட்டீர்கள். உருக்கிய பிறகு அது எப்படி உறைந்தது என்பதுதான் கேள்வி. ரெண்டாவது துண்டு ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல ஆறியது. மூணாவது, சுட்ட கையோடு வெளியே வந்தது.

வீட்டில் நெய் காய்ச்சுவீர்களே. அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். அதே நெய்யை ஃபிரிட்ஜில் வைத்தால் வழவழவென்று இருக்கும், மணல் தெரியாது. பாலிமரும் அப்படித்தான். நிதானமாக ஆறினால் சங்கிலிகளுக்கு மடிந்து அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, படிகம் அதிகமாகிறது. சட்டென்று ஆறினால் பாதிச் சங்கிலி கலைந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. பிஇஓவின் கண்ணாடி நிலை மாற்றம், அதாவது கலைந்த பகுதி கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும் சூடு, கிட்டத்தட்ட மைனஸ் 60 டிகிரி. அதனால் கலைந்து கிடக்கும் பகுதி அறைச் சூட்டிலும் நெளிந்துகொண்டே இருக்கும். லித்தியத்தைச் சுற்றி நாலைந்து ஆக்சிஜன் பிடித்திருக்கிறது. சங்கிலி நெளிந்தால்தான் ஒன்று விட, இன்னொன்று பிடிக்கும். தேர்க் கூட்டத்தில் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் அனுப்புவார்களே, அந்த மாதிரி. படிகத்துக்குள் எல்லார் கையும் கட்டிக் கிடக்கிறது.

உப்பைக் கரைத்துக்கொள்ளும் பாலிமர் என்று 1973-இல் ஃபென்டன், பார்க்கர், ரைட் மூவரும் எழுதியபோது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அஞ்சாறு வருடம் கழித்து கிரெனோபிளில் இருந்த ஆர்மான்ட் இதை பேட்டரிக்கு வைக்கலாம் என்றார். ஆனால் அயனி ஓடுவது படிகத்தில் இல்லை, படிகமற்ற பகுதியில்தான் என்று பெர்த்தியே குழுவினர் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) வைத்துக் காட்டியது 1983-இல். அதற்கு முன்னால் படிகத்தின் சுருளுக்குள் குழாய் மாதிரி வழி இருக்கிறது, அயனி அதில்தான் போகிறது என்றே பலர் நம்பினார்கள். நானும் ஒரு பேட்சுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மன்னிக்கவும்.

பாரிசில் 2011 கடைசியில் ஆட்டோலிப் என்று வாடகை மின்கார் விட்டார்கள். அந்த புளூகாரில் இருந்தது இந்த வகை பாலிமர் பேட்டரிதான். அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், ஆறவிட்டால் ஓடாது. இங்கே ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு பிரெஞ்சுக்காரர் "நிறுத்தி வைத்த காருக்கும் கரண்ட் பில் வருகிறது" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். காரணம் கேட்டவரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்துப் படிகம் பற்றிப் பாடம் எடுத்தேன்.

திங்கட்கிழமை 9,500 ஆனதற்கும் இதுதான் பதில். உறைந்த பிறகும் அடுக்குதல் நிற்பதில்லை. மணிக்கணக்கில், நாள் கணக்கில் நடந்துகொண்டே இருக்கும்.

நைட்_ஷிஃப்ட்:

சார் சொன்ன நெய் சரி. ஆனா நெய்க்கு முன்னாடி வெண்ணெய்னு ஒண்ணு இருக்கே. வெண்ணெய் காயும்போது சடசடன்னு சத்தம் வரும்ல, அது உள்ள இருக்கிற தண்ணி. அந்தச் சத்தம் அடங்காம நெய்யைப் பத்திப் பேசக் கூடாது.

நான் பேட்டரி கம்பெனியில குவாலிட்டி பார்க்கிறவன். தீசிஸ் எல்லாம் எழுதினதில்ல. டீச்சரம்மா பதிவை ரெண்டு தடவை படிச்சேன். கண்ணுல பட்டது டிகிரி இல்ல, டிபன் பாக்ஸ்.

நல்லாக் கடத்தின துண்டு ரெண்டும் டிபன் பாக்ஸ்ல போயிருக்கு. கடத்தாத துண்டு மூடித் திருகின செல்லுக்குள்ள போயிருக்கு. இது தற்செயலா? லித்தியம் பெர்குளோரேட் காத்துல இருக்கிற ஈரத்தை அப்படியே உறிஞ்சும். பிஇஓவே தண்ணியில கரையுற சாமான். நீங்க போனது தூறல்ல, கடலோரமா, ஜன்னல் திறந்த பஸ்ல. தண்ணி உள்ள போச்சுன்னா அதுவே சங்கிலியை இளக்கி விடும், அயனி ஜாலியா ஓடும். நீங்க அளந்தது பாலிமரை மட்டும் இல்ல, பாதி கடல்காத்தை.

ஒண்ணு கேட்கிறேன், அந்தப் பொட்டலத்துல சிலிகா ஜெல் என்ன நிறத்துல இருந்துச்சு? நீலமா, ரோஸா? காஞ்சிருந்தா நீலம், ஈரம் குடிச்சிருந்தா ரோஸ்.

அப்புறம் முதல் துண்டு. மூணு நாள் தட்டுல காஞ்சா அசிட்டோநைட்ரைல் எல்லாம் போயிடுமா? அது கொதிக்கிறதே 82 டிகிரியில. மேல தோல் கட்டினதும் உள்ள இருக்கிறது வெளிய வர வழி இல்ல. எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துப் பாருங்க. 2250 பக்கம் நைட்ரைல் முள்ளு நின்னா கரைப்பான் இருக்கு. 3400 பக்கம் அகலமா மேடு தட்டினா தண்ணி.

கைடு சார் சொன்ன காண்டாக்டையும் நான் தள்ளல, ஆனா அவர் நினைக்கிற மாதிரி இல்ல. செல்லுக்குள்ள வச்சு உருக்கினா ஸ்பிரிங் அழுத்தி ஃபிலிம் மெலிஞ்சுடும். சூடு பண்ணினதுக்கு அப்புறம் ஸ்க்ரூகேஜ்ல கனம் பார்த்தீங்களா, இல்ல பழைய 150-ஐயே கணக்குல போட்டீங்களா?

நான்னா இப்படிச் செய்வேன். ஒரு துண்டை எடை போட்டு, 50 டிகிரியில வேக்குவம் ஓவன்ல ஒரு நாள் வச்சு, மறுபடி எடை போடுவேன். 50-னா உருகாது, அதனால போனது எல்லாம் ஈரமும் கரைப்பானும்தான். அதை நேரா செல்லுல மாட்டி, செல்லோடவே சூடு பண்ணி, அதுக்குள்ளேயே ஆறவச்சு அளப்பேன். 5 டிகிரிக்கு ஒரு தடவை, ஒவ்வொண்ணுலயும் அரை மணி நேரம் நிறுத்தி. ஏறும்போதும் அளக்கணும், இறங்கும்போதும் அளக்கணும். பஸ் நடுவுலயே வரக் கூடாது.

100 டிகிரிக்கு மேல போய்ப் பார்க்கலாம்னு யாரும் ஆசை காட்டினா கேட்காதீங்க. பெர்குளோரேட் ஆக்சிஜனைக் கொட்டிக் கொடுக்கிற உப்பு, பாலிமர் எரியிற சாமான். விளையாட்டு இல்ல. காத்துல ரொம்ப நேரம் காய்ச்சினா பிஇஓ சங்கிலியும் அறுந்து பிசுபிசுன்னு ஆயிடும்.

முருங்கப்பாக்கம்_பிவிஏ:

அக்கா, நான் பிவிஏவும் (பாலி வினைல் ஆல்கஹால்) அமோனியம் உப்பும் பண்றேன். எனக்குச் சூடு பண்ணினா எப்பவும் இறங்குதுதான், ஒரு தடவை கூட ஏறினதில்ல. பிவிஏ உருகுறது 200 டிகிரிக்கு மேல, அதனால 120-ல வச்சா உருகாம நிஜமாவே அனீல் ஆகுது, படிகம் கூடுது. தண்ணியும் போயிடுது. சூடு பண்ணாத துண்டைத் தண்ணி டம்ளர்ல போட்டா கொழகொழன்னு ஆகுது. 120 பார்த்த துண்டு நாள் முழுக்கக் கிடந்தும் முழுசா கையில வருது. இன்னொரு தொல்லை, அமோனியம் உப்பு சூட்டுல அமோனியாவா பறக்கும். ஓவனைத் திறந்ததும் மூக்குல அடிச்சா உப்பே போயிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் கடத்துத்திறன் எங்க இருந்து வரும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லன்னு நினைக்கிறேன்.

அந்தச் செல் விஷயம், எங்க லேப்லயும் அஞ்சு பேருக்கு ஒண்ணுதான்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்:

மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணும். இன்டர்னல் தேர்வு, பேப்பர் திருத்துறதுன்னு ஓடிடுச்சு.

முதல்ல நைட் ஷிஃப்ட் சார் கேள்விக்குப் பதில்: ரோஸ். நல்ல ரோஸ். போன வருஷம் வாங்கின பொட்டலம், ஒரு தடவை கூட ஓவன்ல வறுக்கல. பையில இருந்து எடுத்துப் பார்த்ததும் கைடுக்குப் போன் பண்ணினது நினைவுக்கு வந்து வெட்கமாப் போச்சு.

மூணு நாள் லீவு போட்டு முதலியார்பேட்டையில அத்தை வீட்டுல தங்கிட்டேன். எல்லாத்தையும் புதுச்சேரியிலேயே செஞ்சேன். செல்லுக்காக ஒருத்தர்கிட்ட கெஞ்ச வேண்டியிருந்துச்சு, அது தனிக் கதை.

புதுத் துண்டு 212 மில்லிகிராம். வேக்குவம்ல 50 டிகிரி, ஒரு நாள். வெளிய எடுத்தா 205. ஏழு மில்லிகிராம் காணோம்! நூத்துக்கு மூணு. காஞ்ச ஃபிலிம்னு நான் மூணு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்ததுல இவ்வளவு ஈரம். அதை மாட்டி 30 டிகிரியில அளந்தா 21,000 ஓம், அதாவது 9×10⁻⁷. உருக்கவே இல்ல, வெறுமனே காய வச்சதுக்கே இப்படி. அப்ப முதல் துண்டுக்கும் ரெண்டாவது துண்டுக்கும் இருந்த பத்து மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் படிகம் இல்ல, ஈரம். லாஸ்பேட்டை சார் கோவிச்சுக்கக் கூடாது.

அதே தட்டுல இன்னொரு காஞ்ச துண்டை ஒரு மணி நேரம் மேஜை மேல திறந்து வச்சேன். ஜன்னலுக்கு வெளிய மழை. எடுத்து மாட்டினா 6,000 ஓம். கையால தொடக்கூட இல்ல, சும்மா காத்துல கிடந்தது அவ்வளவுதான்.

ஆனா படிகக் கதையும் பொய் இல்ல. செல்லோட சூடு பண்ணினப்ப 55 வரைக்கும் நிதானமா ஏறிச்சு. 55-ல 2×10⁻⁵. அடுத்த ரெண்டு படியில, 65-க்கு வர்றதுக்குள்ள 1.5×10⁻⁴. மெஷின் திரையில வளைவே ஆள் மாறின மாதிரி மாறிடுச்சு: கீழ் சூட்டுல நல்ல அரைவட்டமும் வாலும் தெரிஞ்சுச்சு, 65-ல அரைவட்டத்தைக் காணோம், சாஞ்ச வால் மட்டும் நிக்குது. 80-ல 4×10⁻⁴.

இறங்கும்போது அதே வழியில வரல. 50 டிகிரியில, ஏறும்போது இருந்ததை விட அஞ்சாறு மடங்கு மேல. 30-க்கு வந்து நிக்கும்போது 4×10⁻⁶. காலையில 9×10⁻⁷-ல கிளம்பின அதே துண்டு, அதே மூடி, ஒரு சொட்டு ஈரம் புதுசாப் போகல. செல்லைத் திறக்காம மறுநாள் அளந்தேன், 2.2×10⁻⁶. நாலு நாள் கழிச்சு 1.3×10⁻⁶. இன்னும் இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு.

கனமும் பார்த்தேன். உள்ள போனது 150 மைக்ரான், வெளிய வந்தது 118. ஓரத்துல பிதுங்கி வடை விளிம்பு மாதிரி நின்னுச்சு. உருகினதுக்கு அப்புறம் உள்ள எண்களை எல்லாம் 118 போட்டுத்தான் சொல்லியிருக்கேன். 150-ஐப் போட்டிருந்தா கால் பங்குக்கு மேல சும்மாவே ஏறியிருக்கும். அடுத்த தடவை நடுவுல டெஃப்லான் வளையம் வைக்கப் போறேன்.

சீனியரோட தீசிஸை இப்ப எடுத்துப் படிச்சா, அவர் ஓவனும் மெஷினும் ஒரே ரூம்ல வச்சிருந்தவர். எடுத்த பத்தாவது நிமிஷம் அளந்திருப்பார், அவருக்கு ஏறாம என்ன செய்யும். எத்தனை மணிக்கு எடுத்தேன், எத்தனை மணிக்கு அளந்தேன்னு ஒரு வரி கூட இல்ல. நான் என் நோட்ல மூணு கட்டம் புதுசா கோடு போட்டிருக்கேன்: எப்படி ஆறிச்சு, எவ்வளவு நேரம் ஆச்சு, எதுக்குள்ள இருந்துச்சு.

கைடு எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப அந்த அர்ரீனியஸ் கோட்டையும் மாத்தணுமே"ன்னார். சூடு மாற மாறக் கடத்துத்திறன் எப்படி மாறுதுன்னு காட்டுற கோடு அது. 30-ல இருந்து 80 வரைக்கும் ஒரே நேர்கோடு இழுத்து ஆக்டிவேஷன் எனர்ஜி (அயனி நகரத் தேவையான ஆற்றல்) எழுதியிருந்தேன். அந்த அத்தியாயம் போச்சு.

நைட்_ஷிஃப்ட்:

நல்ல வேளை, ஏற்கெனவே அச்சாகலையே. உருகுற இடத்துல முறியுற கோட்டுக்கு ஒரே ஸ்கேலை வைக்கக் கூடாது. 55-க்குக் கீழ ஒரு நேர்கோடு போடுங்க. 65-க்கு மேல அது வளையும், அங்க விடிஎஃப்னு வளைகோட்டுக்கான சமன்பாட்டைப் போட்டாத்தான் பொருந்தும். நடுவுல இருக்கிற புள்ளிகளை ரெண்டுலயும் சேர்க்காதீங்க.

சிலிகா ஜெல்லை 120-ல ரெண்டு மணி நேரம் வறுத்தா திரும்ப நீலமாயிடும், தூக்கிப் போட்டுடாதீங்க.

லாஸ்பேட்டை_ஓய்வு:

கோபமெல்லாம் இல்லை அம்மா. நெய்யில் மோர் இருந்ததைப் பார்க்காமல் பேசிவிட்டேன்.

ஒரே ஒரு ஆட்சேபம். 50 டிகிரியில் ஒரு நாள் வைத்தது வெறும் காய வைப்பது மட்டும் அல்ல. உருகுநிலைக்குப் பத்து, பதினைந்து டிகிரி கீழே சங்கிலிகள் நன்றாக நகரும், இருக்கிற படிகங்கள் தடிக்கும். சரியான அர்த்தத்தில் அனீல் என்பது அதுதான். ஆக அந்த 9×10⁻⁷-இல் ஈரம் போனது எவ்வளவு, படிகம் தடித்தது எவ்வளவு என்று இன்னும் பிரியவில்லை. அறைச் சூட்டிலேயே வேக்குவத்தில் ஒரு வாரம் வைத்த துண்டு ஒன்றும் வேண்டும். ரெண்டுக்கும் டிஎஸ்சி (சூடேற்றும்போது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் சோதனை) எடுத்தால் உருகும் முகட்டின் பரப்பே சொல்லிவிடும்.

டிஎஸ்சிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால், உங்கள் கல்லூரியில் ஜியாலஜி துறை இருக்கிறதா? பாறைச் சீவல் பார்க்கிற போலரைசிங் மைக்ராஸ்கோப் அவர்களிடம் இருக்கும். ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் ஃபிலிமை உருக்கி, ஆற ஆறப் பாருங்கள். கறுப்பில் வட்ட வட்டமாகப் பூ விரியும், ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை தெரியும். படிகம் வளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் முதலில் பார்த்த அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்:

ஜியாலஜி இருக்கு சார், எங்க மாடிக்கு நேர் கீழ. இத்தனை வருஷம் அங்க பாறை மட்டும்தான் பார்ப்பாங்கன்னு நினைச்சிருந்தேன். அந்த மேடம்கிட்ட இன்னைக்குக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை ரெண்டாவது பீரியட் மைக்ராஸ்கோப் சும்மாத்தான் இருக்குமாம். ஸ்லைடைச் சூடு பண்ண எங்க லேப் ஹாட் பிளேட்டைத் தூக்கிக்கிட்டு இறங்கணும், பதினெட்டுப் படி. வறுத்த சிலிகா ஜெல் ரெடியா இருக்கு, நீலமா.